தசுமியஸ் வீட்டு இருபத்து நாலாவது கரண்டி

புதெயோலித் துறைமுகம் குளிர்காலத்தில் கதவைச் சாத்திக்கொள்ளும். கப்பல் வராவிட்டால் கோதுமை மூட்டை இல்லை. மூட்டை இல்லாவிட்டால் அதை மரக்காலில் அளந்து பார்க்கும் நோனியஸுக்கு வேலை இல்லை. அந்த நாலு மாதமும் அவனையும் அவன் மனைவி விபிதியாவையும் காப்பாற்றி வந்தது ஒரு துண்டுத் துணிதான்.

விருந்துக்குப் போகிறவர்கள் அவரவர் கைத்துண்டைக் கொண்டுபோவார்கள். தின்றது போக மிஞ்சியதை அதில் முடிந்துகொண்டு வருவார்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, ஊரே செய்வதுதான். ஆனால் மற்றவர்களின் துண்டு வாய் துடைக்கிற அளவில் இருக்கும். நோனியஸின் துண்டில் குழந்தையைப் போட்டுத் தூளி கட்டலாம். "என்ன நோனியஸ், இன்னிக்கு மேஜையையும் சேத்து முடிஞ்சிருவியா?" என்று பந்தியில் கேலி செய்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டே முடிவான். கேலிக்குக் கோபப்பட்டால் கோழி கிடைக்குமா?

சதுர்னாலியாப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் அவனுடைய புரவலர் தசுமியஸ் வீட்டில் விருந்து. மறுநாள் பொழுது விடிந்ததும், விபிதியா எழுந்திருப்பதற்குள் ஒரு கோழிக்காலை ரகசியமாக உள்ளே தள்ளிவிடலாம் என்று நோனியஸ் மூட்டையை அவிழ்த்தான். கோழி இருந்தது. அத்திப்பழம் இருந்தது. பாதி நவரை மீன் இருந்தது. மீனுக்கு அடியில் பளபளவென்று ஒரு வெள்ளிக் கரண்டியும் இருந்தது.

நத்தை தின்கிற கரண்டி. ஒரு பக்கம் குழி, மறுபக்கம் ஓட்டுக்குள்ளிருந்து குத்தி எடுக்கக் கூரான முனை. காம்பில் தசுமியஸ் வீட்டு முத்திரையான ஓங்கில் மீன். கடைசித் தட்டு வந்தபோது பக்கத்துக் கட்டிலில் சாய்ந்து சாப்பிட்டவன் கை நீட்டுவதற்குள் தட்டையே துண்டில் கவிழ்த்துக்கொண்டது அவனுக்கு நினைவு வந்தது. வாய்க்குள் இருந்த கோழிக்கால் அங்கேயே நின்றுவிட்டது.

நேரே கொண்டுபோய், "ஐயா, தெரியாம வந்துடுச்சு" என்று கொடுத்துவிடலாம். ஆனால் புதெயோலி எப்படிப்பட்ட ஊர்? பொதுக் குளியலில் தன் செருப்பென்று நினைத்து வேறொருவன் செருப்பை மாட்டிக்கொண்டு போன ஒரு அப்பாவி இருந்தான். அன்றையிலிருந்து அவன் பெயர் 'செருப்பு ஸ்தாயுஸ்'. ஸ்தாயுஸ் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. இப்போதும் அவன் பேரனை 'செருப்பு வீட்டுப் பையன்' என்றுதான் சொல்கிறார்கள். 

விபிதியாவிடம் சொல்லவும் தைரியமில்லை. ஊருக்காவது ஒரு பட்டப்பெயர் வைத்தால் போதும், விபிதியா நாளுக்கு ஒன்று வைப்பாள். ஒற்றை அறைக் குடித்தனத்தில் அவள் கைபடாத மூலை ஏது? சுற்றிப் பார்த்தான். பண்டிகைக்குக் கொடுப்பதற்காக அவள் சிவப்பு நூலால் கட்டி வைத்திருந்த மெழுகுவர்த்திக் கட்டு மாடத்தில் இருந்தது. ஐந்து மெழுகுவர்த்தி. பண்டிகைக் கடைசி நாளில் தசுமியஸுக்குக் கொடுக்க வேண்டியது, அதுவரை அவள் தொடமாட்டாள். நூலை நெகிழ்த்தி நடுவில் கரண்டியைச் செருகினான். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. தோகா என்ற நீளத் துணியை உடம்பில் சுற்றிக்கொண்டு, காலை வணக்கம் சொல்லப் புரவலர் வீட்டுக்குக் கிளம்பினான்.

தசுமியஸ் வீட்டு முற்றத்தில் வழக்கம்போல் முப்பது நாற்பது பேர் அழுக்குத் தோகாவில் வரிசையாக நின்றார்கள். உள்வாசல் ஓரம் ஃபிலேமா நின்றிருந்தாள். அந்த வீட்டு அடிமை. வெள்ளிப் பாத்திரங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. பந்தியில் தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது, கடைக்கோடிக் கட்டிலில் கிடக்கும் நோனியஸுக்கு நேராக நல்ல துண்டு வருகிற மாதிரி ஒரு திருப்புத் திருப்பி வைப்பாள். யாரும் சொல்லிச் செய்வதில்லை. நோனியஸ் அதற்காக அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இன்று அவள் முகம் வீங்கியிருந்தது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"கரண்டி ஒண்ணு காணோம் ஐயா. இருபத்துநாலுல இருபத்துமூணுதான் இருக்கு. கழுவின தண்ணியக்கூட வடிகட்டிப் பாத்துட்டேன். பன்னிக்குப் போட்ட எச்சியெல்லாம் கையவிட்டுத் துழாவிட்டேன்."

"எ... எஜமான் என்ன சொன்னார்?"

"பண்டிகை ஏழு நாளும் யாரையும் தண்டிக்கமாட்டேன்னு சொல்லிட்டார். எட்டாம் நாள் கூமே மாவு ஆலைக்கு அனுப்புறாராம். எங்க அக்காவும் அங்கதான் போனா. கழுதையோட கழுதையா கல்லச் சுத்தணும். ரெண்டு வருஷம் தாங்கினா."

நோனியஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். "விருந்துக்கு வந்தவங்க யாராவது... தெரியாத்தனமா..."

"விருந்தாளியச் சந்தேகப்பட முடியுமா ஐயா? சந்தேகப்படறதுக்குத்தானே நாங்க இருக்கோம்" என்றாள் ஃபிலேமா. குத்திக் காட்டினாளா, உள்ளதைச் சொன்னாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் வரிசை நகர்ந்தது. தசுமியஸ் முன்னால் வந்து நின்று, "வணக்கம் ஐயா" என்றான். அவ்வளவுதான், நகர்ந்துவிட்டான். வெளியே வந்ததும் தோகாவை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினான். கரண்டியை எடுத்துவந்து, வாசல் தொட்டியில் போட்டாவது அவளைக் கண்டெடுக்க வைத்துவிட வேண்டும்.

வீட்டில் மாடம் காலியாக இருந்தது.

"மெழுகுவர்த்தி எங்கே?"

"கீழ்வீட்டு ஸ்காந்தியாக்கா காலங்காத்தால ஒரு தட்டு வாதுமைக்கொட்டை கொடுத்தனுப்பினாங்க. கைய வெறுமனே வச்சுக்கிட்டு நிக்க முடியுமா? அதத் தூக்கிட்டுக் கீழ போய்க் கொடுத்துட்டேன்" என்றாள் விபிதியா. "ஏன் உங்க மூஞ்சி வெளுத்த துணி மாதிரி ஆயிடுச்சு?"

சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. விபிதியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"பத்து வருஷமா கோழிக்கழுத்தும் மீன்தலையும் கொண்டுவந்தீங்க, வாய மூடிக்கிட்டு ஆக்கிப் போட்டேன். ஒரே ஒரு நாள் வெள்ளி கொண்டுவந்தீங்க, அதப் போய் எங்கிட்ட மறைச்சிருக்கீங்களே, உருப்படுவீங்களா? அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? நின்னுக்கிட்டிருக்கீங்களே, ஓடுங்க!"

ஸ்காந்தியா மருத்துவச்சி. பாதி புதெயோலி அவள் கையில்தான் பிறந்தது, அந்த உரிமையில் எல்லாரையும் அதட்டுவாள். வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மெழுகுவர்த்திக் கட்டு... பிரிச்சுப் பாத்தீங்களா?"

"மெழுகுவர்த்தியப் போய் எவனாவது பிரிச்சுப் பாப்பானா? உன் பொண்டாட்டி மாடிப்படி ஏறி முடிக்கல, அதுக்குள்ள அத வாத்தியார் ஓப்பியஸுக்கு அனுப்பிட்டேன். அந்த ஆள் நேத்தே எனக்குக் களிமண் பொம்மை கொடுத்துட்டான், பதிலுக்கு ஒண்ணும் போகலேன்னா என் மானம் என்ன ஆறது?"

இதுதான் அந்த ஊர் மெழுகுவர்த்தியின் லட்சணம். பண்டிகை வந்தால் வீட்டுக்கு வீடு கட்டுக் கட்டாக வரும், வந்த வேகத்தில் அடுத்த வீட்டுக்குப் போகும். வாங்கியவன் அன்றைக்கே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். யாரும் அதில் ஒன்றைக்கூட ஏற்றிப் பார்த்ததில்லை. ஏற்றிவிட்டால் அடுத்தவனுக்கு எதைக் கொடுப்பது? வீட்டில் எரிவது எண்ணெய் விளக்குதான்.

வாத்தியார் ஓப்பியஸ் சந்தைத் தூண்களுக்கு நடுவே பாடம் நடத்துகிறவர். பண்டிகை விடுமுறை தொடங்கிவிட்டதால் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நோனியஸ் மூச்சிரைக்கக் கேட்டதும் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"அதா? தசுமியஸ் வீட்டு வாசல்காரன்கிட்ட இப்பத்தான் கொடுத்துட்டு வந்தேன். பெரிய இடம், வெறுங்கையோட நாளைக்கு விருந்துக்குப் போக முடியுமாய்யா? என் பேரை ஓட்டுச்சில்லுல எழுதிக் கட்டிட்டான்."

நோனியஸ் வாத்தியாரைக் கட்டிப்பிடித்துக் கொண்டான். கரண்டி தன் காலாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதே! தெருமுனை திரும்பும்வரைதான் அந்தச் சந்தோஷம். கட்டு போய்ச் சேர்ந்தது, ஆனால் அதை யார் பிரிக்கப் போகிறார்கள்? தசுமியஸ் வீட்டுக் கிடங்கில் இருநூறு கட்டு கிடக்கும். நாளை மறுநாள் அந்த இருநூறும் இருநூறு வீட்டுக்குக் கிளம்பிவிடும். அப்புறம் கரண்டி கப்பல் ஏறிக் கார்த்தேஜ் போனாலும் போகும்.

வாசல்காரனிடம் போய்க் கெஞ்சினான். கிடங்குக் கதவில் எஜமானின் மோதிர முத்திரை விழுந்துவிட்டது, பண்டிகைப் பந்தி முடிந்துதான் உடைப்பார்களாம். தசுமியஸைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை படி ஏறினான், இரண்டு தடவையும் படி இறங்கினான். மனிதனுக்கு இவ்வளவு கோழைத்தனம் ஆகாது. விபிதியாவும் அதையேதான் சொன்னாள், இன்னும் விளக்கமாக. "நாளைக்குப் பந்தியில நீங்க சொல்றீங்க. இல்லேன்னா நான் வந்து நடுக்கூடத்துல நின்னு சொல்லுவேன். துண்ட இங்க வச்சுட்டுப் போங்க."

மறுநாள் பண்டிகை. தெருவெல்லாம் "யோ சதுர்னாலியா!" என்ற கூச்சல். அன்றைக்குத் தோகா கிடையாது, எல்லார் தலையிலும் கம்பளித் தொப்பி. அடிமைகள் கட்டிலில் சாய்ந்து சாப்பிடுவார்கள், எஜமானர்கள் பரிமாறுவார்கள். தசுமியஸ் தலையில் தொப்பியும் இடுப்பில் துண்டுமாகத் திராட்சை மதுவை ஊற்றிக்கொண்டு வந்தார். தன் பெருந்தன்மையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

"தசுமியா, இங்க ஊத்துடா!" என்றான் சமையற்காரன். மற்ற நாளில் அவருடைய நிழலைக்கூட மிதிக்காதவன். "குடிக்கிறதுல முக்காவாசித் தண்ணி. கஞ்சப்பயலே, இது உன் வீட்டு மதுவா, வீதிக் குழாயா?" கூடமே சிரித்தது. தசுமியஸ் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். நாளைக்குச் சமையற்காரன் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், அவரும் வைத்துக்கொள்வார்.

ஃபிலேமா ஒருத்திதான் சாப்பிடவும் இல்லை, 'டா' போடவும் இல்லை. எஜமான் ஊற்ற வந்தபோது பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டாள்.

பிறகு பண்டிகை ராஜாவைத் தேர்ந்தெடுக்க ஆட்டெலும்புக் காய்களை உருட்டினார்கள். யாருக்கு நாலு காயும் நாலு விதமாக விழுகிறதோ அவர் அன்று சாயங்காலம் வரை ராஜா. ராஜா சொன்னதை வீட்டு எஜமான் உட்பட எல்லாரும் செய்தாக வேண்டும். சமையற்காரன் உருட்டினான், தோட்டக்காரன் உருட்டினான். ஃபிலேமா கையில் வற்புறுத்தித் திணித்தார்கள். அவள் பார்க்காமலே போட்டாள். நாலும் நாலு விதமாக விழுந்தன.

கூடம் இடிந்துவிடும்போல் கத்தினார்கள். அவளைத் தூக்கி, விருந்தின் முதல் இடமான நடுக்கட்டிலில் உட்காரவைத்தார்கள். வாத்தியாரைப் பாடச் சொல் என்றார்கள். சொன்னாள். வாத்தியார் பாடினார். உடனே நிறுத்தச் சொல் என்றார்கள். அதையும் சொன்னாள்.

நோனியஸ் மண்டியிட்டு, பரிமாறுகிறவன் மாதிரி நகர்ந்து நகர்ந்து அவள் காலடிக்குப் போய்ச் சேர்ந்தான். நடந்ததையெல்லாம் கிசுகிசுத்தான். அவள் முகம் வெளுத்தது, பிறகு நிறம் திரும்பி வந்தது.

"நவரை மீனோட போச்சா?"

"ஆமா."

"நேத்துக் காலையில எங்கிட்ட நின்னு பேசினீங்களே, அப்பவே தெரியுமா?"

நோனியஸ் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்."

அவள் தொப்பியைத் தலையில் அழுத்திவைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. பிறகு அவள் எழுந்து நின்றாள். குரல் நடுங்கியது, ஆனால் கேட்டது.

"ராஜா சொல்றேன். கிடங்குல இருக்கிற மெழுகுவர்த்தி எல்லாத்தையும் கொண்டு வாங்க. கட்டப் பிரிச்சு இந்தக் கூடம் பூரா ஏத்துங்க."

தசுமியஸின் சிரிப்பு முதல்முறையாகச் சுருங்கியது. "மெழுகுவர்த்தியா? அது எதுக்கும்மா... வேற ஏதாவது கேளு. அதெல்லாம் நாளைக்கு நாலு இடத்துக்குப் போகவேண்டியது..."

"ராஜா சொல்லியாச்சு! முத்திரைய ஒடைடா!" என்று கத்தினான் சமையற்காரன்.

கூடை கூடையாக வந்தது. பிரிக்கப் பிரிக்க மானம் போனது. ஒரு கட்டில் எலி கடித்த பல்தடம். இன்னொன்றில் மெழுகு கறுத்து, தொட்டால் உதிர்ந்தது. "இது எங்கப்பா கொடுத்ததாச்சே!" என்றார் ஒருவர். அவருடைய அப்பா காலமாகி ஏழு வருஷம். ஒரு கட்டின் நூலுக்கு அடியில் இன்னொரு பழைய ஓட்டுச்சில்லு, அதில் 'தசுமியஸின் அன்பளிப்பு' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அவர் கொடுத்தது ஊரெல்லாம் சுற்றி அவரிடமே வந்திருக்கிறது. அவர் அதைத் திரும்பக் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறார். விருந்தாளிகள் விலா நோகச் சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தான் கொடுத்த கட்டை மற்றவர் பார்ப்பதற்குள் அவசரமாக ஏற்றிவைத்தார்கள்.

நூறாவது கட்டோ, நூற்றுப்பத்தாவது கட்டோ, தோட்டக்காரன் பிரித்தபோது டிங் என்று தரையில் ஏதோ விழுந்தது.

 தசுமியஸ் குனிந்து கரண்டியை எடுத்தார். அப்புறம் ஓட்டுச்சில்லை எடுத்து வாசித்தார். "ஓப்பியஸ்."

வாத்தியார் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "நானா? ஐயா, நான்... இது எனக்கு மருத்துவச்சி... சத்தியமா நான் பிரிக்கவே இல்ல..."

"பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கிறவரு" என்றது ஒரு குரல். இன்னொரு குரல் அதற்குள்ளாகவே, "கரண்டி ஓப்பியஸ்!" என்றது. சிரிப்பு கிளம்பியது. பெயர் ஒட்டிக்கொள்ள இன்னும் ஒரு நொடிதான் பாக்கி.

 நோனியஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கரண்டி கிடைத்துவிட்டது, ஃபிலேமா தப்பித்துவிட்டாள், பெயரும் வாத்தியாரோடு போய்விடும். இவ்வளவு சுலபமாக அவனுக்கு வாழ்க்கையில் எதுவும் வாய்த்ததில்லை. ஃபிலேமாவைப் பார்த்தான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைத் திருப்பி வைக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

"நான்தான்!" என்று கத்திவிட்டான். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. "நான்தான் ஐயா. மீனத் துண்டுல கவுத்தேன், கரண்டியும் சேந்து வந்துடுச்சு. சொல்லப் பயந்துக்கிட்டு மெழுகுவர்த்தில ஒளிச்சேன். வாத்தியாருக்கு ஒண்ணும் தெரியாது. இந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் தெரியாது."

 அதற்கு எழுந்த சிரிப்பில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகள் பாதி அணைந்தன. தசுமியஸும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கஞ்சத்தனத்திலிருந்து பேச்சு வேறு பக்கம் திரும்பியதில் அவருக்குப் பெரிய நிம்மதி. "போய்யா, இனிமே என் வீட்டுப் பந்திக்குத் துண்டில்லாம வா. இல்ல, வராமலே இரு!" என்றார். நாலு மாதச் சாப்பாடு அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. நோனியஸ் தலையாட்டினான்.

"தசுமியா" என்றாள் ஃபிலேமா.

எல்லாரும் திரும்பினார்கள். அன்று முழுதும் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ராஜா சொல்றேன். இங்க வந்து நில்லு. 'ஃபிலேமா திருடல'ன்னு சொல்லு."

தசுமியஸ் இளித்துக்கொண்டே வந்து, கூத்தாடி மாதிரி தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். "மகாராஜா! ஃபிலேமா திருடவே இல்லை!" கூடம் கைதட்டியது.

"சிரிக்காம சொல்லு."

"ஃபிலேமா திருடல" என்றார். உதட்டோரத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. கைதட்டல் குறைந்தது.

"இன்னொரு தடவை. என்னப் பாத்து."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் தட்டெடுக்கிறவள். ஒருவேளை அவர் அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தாரோ என்னவோ. யாரும் இப்போது சிரிக்கவில்லை. சமையற்காரன்கூட கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"ஃபிலேமா திருடல" என்றார் தசுமியஸ், மெதுவாக.

சாயங்காலம் ஆக இன்னும் வெகுநேரம் இருந்தது. அதுவரை அவள் ராஜாதான், இன்னும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஃபிலேமா தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கித் தன் உடையில் துடைத்தாள்.

"போதும் எஜமான். நீங்க உக்காருங்க, மீன் ஆறிடும். நான் கொண்டுவரேன்" என்று சொல்லிச் சமையல்கட்டுக்கு நடந்தாள்.

யாரும் அவளைத் தடுக்கவில்லை.  நோனியஸ் எழுந்து, தட்டெடுக்க அவள் பின்னால் போனான்.